ஆளில்லாத படம்

உதில இருக்கேலாது தங்கச்சி. ஆள் இருக்கு. சரியாச் சொன்னா ஆளில்லை, படம். ஆனா அதுக்கும் ரிக்கெற் எடுத்திருக்கு. இந்தாங்கோ பாருங்கோ, ரெண்டு ரிக்கெற். உந்தக் கொண்டக்டர் பெடியன் "அம்மா, உதைப் பின்னுக்குச் சாமானோட போடலாமே" எண்டு கேட்டவன். பின்னுக்கு என்ன கிடக்கெண்டு பார்த்தனீங்களோ? வெங்காய மூட்டை, ஆற்றயோ சைக்கிள் ரயர், கோழிக்கூடு. அதுக்கு மேல போடட்டாம். ஏறுற இறங்கிற சனமெல்லாம் மிதிச்சுக்கொண்டு போகும். கால் படக்கூடாது தம்பி எண்டன். "அப்ப சீற்றுக்குக் காசு குடுங்கோ" எண்டான். நக்கலுக்குத்தான் சொன்னவன். நான் குடுத்திட்டன். ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிண்டான்.

எங்க இறங்கிறனீங்கள்? புதுக்குடியிருப்போ? அவ்வளவு தூரமும் நிண்டுகொண்டோ வரப்போறியள்? சரி, இருங்கோ. படத்தைத் தூக்கி எங்கட ரெண்டு பேற்ற மடியிலையும் குறுக்கால வைப்பம். அந்த நுனியைப் பிடிங்கோ. முகம் கீழ போகாமல். ஓம், அப்பிடித்தான். துணி விலகினாப் பரவாயில்லை, பிறகு கட்டலாம்.

கலியாணப் படமோ எண்டு கேக்கிறியள். கலியாணப் படமெண்டா ஏன் நான் இப்பிடி வயிறெரிஞ்சு கொண்டு வாறன்? இது என்ர மகள் எடுத்த படம். யாழ்ப்பாணத்தில கண்காட்சி வைச்சவள். அதில தொங்கினதைக் கொண்டு வந்திட்டன். ஆரிட்டயும் கேக்கேல்லை. வீட்டை போனவுடன அடுப்பில வைக்கப் போறன், பிறேமோட.

சிரிக்காதையுங்கோ. அடுப்பில வைக்கிற சாமானுக்கு ஏன் ரிக்கெற் எண்டுதானே யோசிக்கிறியள்? அது வேற, இது வேற. எரிக்கிறதெண்டாலும் நான்தான் எரிக்கவேணும். கண்டவன் மிதிக்கக்கூடாது.

இந்தா, அடிக்குது போன். அவள்தான். காலமை தொடக்கம் அடிச்சுக்கொண்டே இருக்கிறாள். அடிக்கட்டும். நான் எடுக்கமாட்டன்.

நிறைமதி எண்டு பேர். தேப்பன் வைச்ச பேர்தான். பேர் வைச்ச மனிசனைச் செத்தவனாக்கிப்போட்டு வந்து நிக்கிறாள்.

நீங்கள் என்ர நெத்தியைப் பார்க்கிறியள். எனக்கு விளங்கும். ஓம், குங்குமம். தாலியும் கிடக்கு, மஞ்சள் கயித்தில. பவுண் தாலி பசிக்குப் போட்டுது, அது வேற கதை. இவர் காணாமல் போய் இத்தினை வருசம், இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டு திரியிறாள் எண்டு ஊரில கதைப்பினம். கதைக்கட்டும். அவை ஆராவது கண்டவையோ? ஒரு எலும்பு, ஒரு சேட்டுத் துண்டு, கண்டன் எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆள், ஒண்டுமில்லை. பிறகு எந்தக் கணக்கில நான் பொட்டை அழிக்கிறது?

இவர் கூட்டுறவுச் சங்கக்கடை லொறி ஓட்டினவர். கடைசியில லொறியும் இல்லை, சங்கமும் இல்லை, நடைதான். விசுவமடுவில வெளிக்கிட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு தள்ளித் தள்ளிக் கொண்டு போய்க் கடற்கரையில விட்டுது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, புதுக்குடியிருப்பு ஆள்தானே. அந்த நடை முழுக்க இவள் தேப்பன்ர தோளில. நாலு வயசு. நிலத்தில இறங்கமாட்டாள். நிலத்தில என்னென்ன கிடந்தது எண்டு தெரியுந்தானே, இவரும் இறக்கமாட்டார். "நேர பார் மதி, தூரப் பார், கீழ பார்க்காத" எண்டு சொல்லிச் சொல்லித்தான் நடந்தவர். இவள் ரெண்டு காதையும் பிடிச்சுக்கொண்டு இருப்பாள், சைக்கிள் ஹாண்டில் பிடிக்கிற மாதிரி. பிடிக்கத் தோதான காதுதான். அந்தக் குடும்பத்துக்கே அப்பிடி. கலியாணம் பேசி வரேக்குள்ள என்ர தங்கச்சியவை யன்னலுக்கால பார்த்துப்போட்டு, "அக்கா, சுளகு ரெண்டு வருது, அரிசி புடைக்கலாம்" எண்டு சிரிச்சவளவை.

வட்டுவாகல் பாலத்தைத் தாண்டின உடன ஆமிக்காரர் ஆம்பிளையளை வேற வரிசைக்கு வரச் சொல்லிச்சினம். விசாரிச்சுப்போட்டு விடுறமாம். இவர் பிள்ளையைத் தோளில இருந்து இறக்கி என்ர கையில தந்தார். "காது ரெண்டும் நோகுது, கொஞ்சம் வைச்சிரு" எண்டார். அவ்வளவுதான். கொஞ்சம் வைச்சிரு. சாகப்போற மனிசன் அப்பிடியோ சொல்லும்? நீங்களே சொல்லுங்கோ. திரும்பி வந்து தூக்கப்போற ஆள்தானே கொஞ்சம் வைச்சிரு எண்டு சொல்லுவான்? நான் வைச்சிருக்கிறன். இண்டைக்கு மட்டும் வைச்சிருக்கிறன்.

இப்ப என்ர குறை என்னெண்டா, இவற்ற ஒரு படமும் எங்களிட்ட இல்லை. அல்பம் முழுக்கப் பங்கருக்குள்ள மண்ணோட போட்டுது. அடையாள அட்டை அவரோட போட்டுது. றோட்டோரத்தில நாங்கள் கொட்டில் போட்டு இருக்கிறமெல்லே, காணாமல் போனவையின்ர ஆக்கள், அங்க எல்லாரும் படம் வைச்சிருப்பினம். மகன்ர படம், புருசன்ர படம், நெஞ்சில பிடிச்சுக்கொண்டு இருப்பினம். பேப்பர்காரர் வந்தா அவையைத்தான் எடுப்பினம். நான் ஒரு மட்டையில பேரை எழுதி வைச்சுக்கொண்டு இருக்கிறன். கணபதிப்பிள்ளை தவராசா. பேரை ஆர் பார்க்கிறான்? ஒருக்கா ஒரு வெளிநாட்டுக்காரன் என்னைக் கொஞ்சம் அங்கால தள்ளி இருக்கச் சொன்னவன், படத்துக்கு வடிவில்லையாம்.

அதுக்குத்தான் நான் ஒரு வழி யோசிச்சன். இவற்ற தம்பியார் இருக்கிறார், குகன். அச்சு அசல் அண்ணன்தான், ஒரு விரக்கடை கட்டை, அவ்வளவுதான். அவரை ஒரு படம் எடுத்து ஸ்ரூடியோவில குடுத்தா, நரையைக் கறுப்பாக்கி, கன்னத்தை நிரப்பி, இவரைப் போல ஆக்கித் தருவாங்கள். அதை நான் கொட்டிலில பிடிச்சுக்கொண்டு இருப்பன். என்ன பிழை? கேட்டதுக்கு உவர் என்ன சொன்னார் தெரியுமே? "அண்ணி, அண்ணையெண்டு சொல்லி என்ர முகத்தைத் தூக்கிப் பிடிக்கிறது பொய்யெல்லே. நாளைக்கு ஆரும் கண்டு சொன்னாலும் என்னைத்தானே கண்டதெண்டு வரும். முகத்தை மட்டும் கேக்காதையுங்கோ." முகத்தை மட்டுமாம். வேற என்னத்தை நான் கேட்டனான், சிறுநீரகத்தையோ?

அதோட விட்டாரோ? ஒரு மாசம் போகேல்லை, "அண்ணி, அண்ணைக்கு ஒரு திதியாவது குடுப்பம், ஆத்மா அலையக்கூடாது" எண்டு வந்து நிக்கிறார். எனக்குப் பத்தியெரிஞ்சுது. முகம் தரமாட்டாராம், எள்ளும் தண்ணியும் இறைப்பாராம். அண்டைக்கு வாயில வந்ததெல்லாம் ஏசினன். அதுக்குப் பிறகு நான் அவரோட நேர கதைக்கிறேல்லை. வீட்டு முத்தத்தில வந்து நிண்டாலும், "மதி, சித்தப்பாவைத் தேத்தண்ணி குடிக்கட்டாம் எண்டு சொல்லு" எண்டுதான் சொல்லுவன். ஆள் மூண்டடி தூரத்தில நிப்பார். மதி திரும்பி, "சித்தப்பா, தேத்தண்ணி குடிக்கட்டாம்" எண்டு சொல்லுவாள். பழகிப்போச்சு.

சாவகச்சேரி வந்திட்டுது என்ன? இதில சனம் ஏறும். படத்தைக் கொஞ்சம் உங்களோட அணைச்சுப் பிடியுங்கோ. தம்பி! தம்பி, உந்தப் பையை இதுக்கு மேல வைக்காத! கண் தெரியேல்லையே? ஓம், படம்தான். படமெண்டா மேல வைக்கலாமோ?

எங்க விட்டன்? கமரா. கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி இவளுக்குக் கமரா ஒண்டு அனுப்பினவள். நல்லதாப் போச்சு, கலியாணவீடு சாமத்தியவீடு எண்டு எடுத்துப் பிழைக்கலாம் எண்டு நான் நினைச்சன். இவள் என்ன செய்தாள்? சனி ஞாயிறு வந்தாச் சித்தப்பனையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் நடந்த வழியெல்லாம் போய்ப் படமெடுக்கிறாள். மோட்டார்சைக்கிளில ஒரு ஸ்ரூல் கட்டியிருக்கும், ஒரு பலகைத்துண்டும் கட்டியிருக்கும். என்ன, தச்சு வேலைக்கோ போறியள் எண்டு கேட்டன். சிரிக்கிறாள்.

அதுக்கு முன்னம் ஒரு நாள் என்னட்ட வந்து, "அப்பா எவ்வளவு உயரம் அம்மா?" எண்டு கேட்டவள். மற்றப் பிள்ளையள் அப்பா கறுப்போ வெள்ளையோ, சிரிச்சா எப்பிடி இருப்பார் எண்டு கேக்குங்கள். இவளுக்கு உயரம். நான் சொன்னன், உன்ர சித்தப்பாவை விட ஒரு விரக்கடை உயரமடி எண்டு. உடன போய் அவரைக் கதவு நிலையோட நிப்பாட்டிப் பென்சிலால கோடு போடுறாள். அந்தக் கோடு இப்பவும் கிடக்கு. என்ர கதவைப் பழுதாக்கினதுதான் மிச்சம்.

உவரும் வேலை வெட்டியை விட்டுப்போட்டு அவளுக்குப் பின்னால திரிவார். நடு வெயிலுக்க நிண்டு நிண்டு, பிடரித் தோல் உரிஞ்சு வந்து நிக்கிறார். பார்க்கச் சகிக்கேல்லை. தலையில ஒரு தொப்பியைப் போட்டா என்ன? நானே சந்தையில ஒரு தொப்பி வாங்கி, "சித்தப்பாவைப் போடட்டாம்" எண்டு இவளிட்டக் குடுத்து விட்டன். அடுத்த கிழமை வந்தார், தொப்பி கையில கிடக்கு, பிடரி இன்னும் மோசம். நான் வாங்கினதெண்ட படியால்தான் போடேல்லை. வீம்பு. அந்தக் குடும்பத்துக்குக் காதும் பெரிசு, வீம்பும் பெரிசு.

சரி, கண்காட்சி. முந்தநாள் திறந்தது, நாளையோட முடியுது. ஒரு பழைய கல்வீட்டை வெள்ளையடிச்சு வைச்சிருக்கினம், அதுக்குள்ளதான். நான் முதல் நாள் போகேல்லை, கொட்டிலில கூட்டம். "வாங்கோ அம்மா, வந்தாத்தான் விளங்கும், அங்க வைச்சுச் சொல்லுறன்" எண்டு போனில கெஞ்சினாள். நேற்றுப் பின்னேரம்தான் போனன். புதுச் சீலை உடுத்திக்கொண்டு போனன் தங்கச்சி. என்ர பிள்ளையின்ர கண்காட்சி எண்டு ஒரு பெருமை இருக்குந்தானே.

உள்ள போறன். சுவர் முழுக்கப் படம். ஒரு படத்திலயும் ஆளில்லை! மணல் கிடக்கு. வட்டில்லாத மொட்டைப் பனை நிக்குது. கடல் கிடக்கு, வானம் கிடக்கு. ஒரு மனிசன் இல்லை, மாடில்லை, ஒரு குருவிகூட இல்லை. தங்கச்சி, அதெல்லாம் சனம் நெருக்குப்பட்டு நிண்ட இடம். கால் வைக்க இடமில்லாமல் ஆளுக்கு மேல ஆள் ஏறி நிண்ட இடம். தண்ணிக்கு நிண்ட வரிசை எங்க? தறப்பாள் எங்க? கத்தின சத்தம் எங்க? எல்லாத்தையும் துடைச்சு வழிச்சுப்போட்டு மணலை எடுத்து வைச்சிருக்கிறாள். படமும் ஒழுங்கா எடுக்கத் தெரியேல்லை. எல்லாப் படத்திலயும் கீழ நடுவில கறுப்பா ஒண்டு நிண்டு மறைக்குது. கமராப் பட்டியோ என்னவோ விழுந்திருக்கு. ஒரு படத்தில விழுந்தாப் பரவாயில்லை, எல்லாத்திலயும் அதே இடத்தில அதே கறுப்பு. இதைப் பார்க்கச் சனம் வேற.

கொழும்பில இருந்து வந்த ஒரு மனுசி, நல்ல சீலை, கழுத்தில பெரிய மணி, "எவ்வளவு அமைதியா இருக்கு" எண்டு சொல்லுறா. அமைதியாம்! இன்னொரு ஐயா, கடல் படத்தைக் காட்டி, வீட்டு விறாந்தையில மாட்டத் தருவினமோ எண்டு விசாரிக்கிறார்.  ஒரே ஒரு பொம்பிளை மட்டும், எங்கட பக்கத்து ஆள் போலக் கிடந்தா, மூலையில ஒரு படத்துக்கு முன்னால நிண்டு விக்கி விக்கி அழுகிறா. பக்கத்தில மதி நிண்டு ஏதோ சொல்லிக்கொண்டு நிக்கிறாள். வெறும் மணலைப் பார்த்து ஏன் அழுகிறா எண்டு எனக்கு விளங்கேல்லை.

பிறகுதான் கண்டன். நேர எதிர்ச் சுவரில எல்லாத்திலயும் பெரிசா இந்தப் படம். வட்டுவாகல். பார்த்த உடன எனக்குத் தெரியும். நான் திரும்ப ஒருநாளும் அந்தப் பக்கம் போகேல்லை தங்கச்சி, முல்லைத்தீவுக்குப் போறதெண்டாலும் சுத்தித்தான் போறனான். ஆனாத் தெரியும். படத்துக்குக் கீழ ஒரு மட்டை. அதில "அப்பா" எண்டு எழுதியிருக்கு. அப்பாவும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை, அப்பா எண்டு எழுதிக் கிடக்கு. அதுக்கு முன்னால ஒரு விளக்கு எரியுது. விளக்கடியில தட்டில பூ.

நீங்கள் சொல்லுங்கோ. ஒரு ஆளின்ர பேரைப் போட்டு, முன்னால விளக்கைக் கொளுத்தி, பூவையும் வைச்சா, எங்கட ஆக்களுக்குள்ள அதுக்கு என்ன அர்த்தம்?

நான் போய் விளக்கை அணைச்சன். கையாலதான், திரியைப் பிடிச்சு. இந்தாங்கோ, விரல் பொங்கிக் கிடக்கு. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிக்குது. "ஆர் உனக்குச் சொன்னது கொப்பர் செத்துப்போனார் எண்டு? ஆர் உன்னை விளக்கு வைக்கச் சொன்னது?" எண்டு கத்தினன். இவள் ஓடி வாறாள். "அம்மா, அது திறப்புவிழாக்கு ஏத்தின மங்கள விளக்கம்மா, வாசலில காத்துக்கு நூருது எண்டு உள்ள கொண்டு வந்து வைச்சது, அஞ்சு திரியம்மா, பாருங்கோ" எண்டு அழுகிறாள். அஞ்சு திரியோ ஒரு திரியோ எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிற நிலையிலயோ நான் நிண்டனான்? "நான் செத்தவர் எண்டு எங்கயாவது எழுதினனானோ அம்மா? ஒருக்கால் நான் சொல்லுறதைக் கேளுங்கோ" எண்டு கையைப் பிடிக்கிறாள். தட்டி விட்டன்.

உவர் குகன், சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டவர், கிட்ட வந்து, "அண்ணி" எண்டார். நான் திரும்பிப் பாராமல், "மதி, உன்ர சித்தப்பாவைச் சொல்லு, அண்ணனுக்குத் திதி குடுக்க ஆசைப்பட்டவர், பிள்ளையைக் கொண்டு குடுப்பிச்சுப் போட்டார், இனிச் சந்தோசமா இருக்கட்டாம் எண்டு" எண்டன். அந்த மனுசன் போய்க் கதிரையை எடுத்துக்கொண்டு வந்து, ஏறி, படத்தைக் கழட்டி என்ர கையில தந்தார். நான் கேக்கவேயில்லை. "கொண்டு போங்கோ அண்ணி, இது உங்கட" எண்டார். பார்த்தியளோ திமிரை? எனக்குப் படத்தை எறிஞ்சுபோட்டு வரத்தான் இருந்தது. ஆனாக் கையில தந்திட்டார், என்ன செய்யிறது. நேற்றிரவு ஒரு சிநேகிதி வீட்டில படுத்தெழும்பி, காலமை முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, இதில வாறன்.

திரும்ப அடிக்குது. அடி, அடி. போன் பற்றரி இறங்கும் மட்டும் அடி.

ஆனையிறவு. ரெண்டு பக்கமும் தண்ணி, பாருங்கோ. இதையும் எடுத்திருப்பாள், ஆளில்லாமல்.

என்ன, பார்க்கப் போறியளோ? பாருங்கோ, பார்த்தாத்தான் என்ர வயித்தெரிச்சல் உங்களுக்கு விளங்கும். அந்த முடிச்சை அவிழுங்கோ. மெதுவா, சீலைத் துணி கிழிஞ்சு போகும். என்ர நல்ல சீலை அது, கண்காட்சிக்கெண்டு உடுத்தினது, சுத்த வேற ஒண்டும் இல்லாமல் போச்சு.

இதுதான். தண்ணி. அந்தா பாலம், தண்ணியோட பதிஞ்சு கிடக்கு. விடியப்புறம் எடுத்திருக்கிறாள் போல, வெயில் நேர முகத்தில அடிக்குது. வேற என்ன கிடக்கு? ஒண்டுமில்லை. கீழ பாருங்கோ, நான் சொன்ன கறுப்பு. நல்ல படத்தைப் பழுதாக்கிக்கொண்டு...

என்ன? தலையோ?

ஆற்ற தலை? விசர்க்கதை கதைக்காதையுங்கோ. ஆளில்லாத படத்தில தலை எங்கால வாறது? கமராப் பட்டி அது. இல்லையோ? பின்பக்கமோ? இருங்கோ, கண்ணாடியை எடுக்கிறன். கிட்டப் பார்க்கிறதுக்கு எனக்குக் கண்ணாடி வேணும், அங்க போடேல்லை, அழுதழுது கண்ணாடி எங்க போடுறது. இந்தா.

தலைமயிர்தான்.

ரெண்டு பக்கமும் என்ன சிவப்பா? காது. காதெல்லே இது. வெயில் முன்னால இருந்து அடிச்சு, காதுக்குள்ளால வெளிச்சம் வருது. ரெண்டும் சிவந்து கிடக்கு. உந்தக் காது...

பேசாமல் இருங்கோ தங்கச்சி. படத்தை நிமித்திப் பிடியுங்கோ.

அவள் ஸ்ரூலில ஏறி நிண்டிருக்கிறாள். குகனை முன்னால நிப்பாட்டிப்போட்டு, பின்னால ஸ்ரூலில ஏறி நிண்டு எடுத்திருக்கிறாள். தோளில இருந்து பார்த்தா இப்பிடித்தானே தெரியும். கீழ தலை, ரெண்டு காது, அங்கால தூர... நேர பார், தூரப் பார், கீழ பார்க்காத எண்டெல்லே சொல்லிக்கொண்டு நடந்தவர். சனத்துக்கு மேலால பார்த்த பிள்ளைக்குச் சனம் எங்க தெரியப்போகுது? அவளுக்குத் தேப்பன்ர முகம் தெரியாது. முகத்தை நான்தான் பார்த்துக்கொண்டு வந்தனான். அவளுக்கு இவ்வளவுந்தான் தெரியும். இதுதான் அவளுக்கு அப்பா.

பலகைத்துண்டு! அது உவர் ஏறி நிக்கிறதுக்கு. ஒரு விரக்கடை கட்டையெல்லே. என்ர கதவில கோடு போட்டு, அந்த உயரத்துக்குப் பலகை வெட்டி, கொண்டு போய் வைச்சு, ஏறி நிண்டிருக்கிறார். அண்ணன்ர உயரத்துக்கு. முகத்தை மட்டும் கேக்காதையுங்கோ எண்டார். மிச்சத்தைக் குடுத்திருக்கிறாரே தங்கச்சி. ஒவ்வொரு இடத்திலயும் குடுத்திருக்கிறார். நான் தொப்பி வாங்கிக் குடுத்து விடுறன். தொப்பியைப் போட்டாக் காது மறைஞ்சு போகுமெல்லே!

எனக்குக் கோபம் கோபமா வருது. என்னட்டச் சொன்னா என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விசரியாக்கிப் போட்டினம். ஒரு வாய்ச் சொல் சொல்லியிருக்கலாமெல்லே? அங்க வைச்சுச் சொல்லுறன் எண்டாளாம். வீட்டில வைச்சுச் சொல்லுறதுக்கு என்ன, நாக்குக் கட்டிக் கிடந்ததோ? கேளுங்கோ எண்டு கையைப் பிடிச்சவள்தான்... உவரும் அண்ணி எண்டு வாயைத் திறந்தவர்தான்... சரி விடுங்கோ. அதைச் சொல்லி இப்ப என்ன.

உது என்ன இடம்? பரந்தனோ? யாழ்ப்பாணம் போற பஸ் இதில நிக்குந்தானே? தம்பி! கொண்டக்டர் தம்பி! நிப்பாட்டு, இறக்கம் இருக்கு. ஓம், பரந்தனிலதான். விசுவமடுவுக்கு எடுத்தனான், இப்ப பரந்தனில இறங்கிறன், உனக்கென்ன நட்டம்?

இந்தா அடிக்குது. பொறுங்கோ, எடுக்கிறன்.

ஓம். நான்தான். அழாத. அழாதடி, பஸ்ஸுக்குள்ள ஒண்டும் கேக்காது. அந்தச் சுவரில இருக்கிற ஆணியைப் பிடுங்கிப் போட்டியோ? பிடுங்காத. வேற ஒண்டும் அதில கொழுவாத. விளக்கைத் தூக்கி வாசலில வை, காத்துக்கு நூந்தா நூரட்டும், படத்துக்கு முன்னால ஒண்டும் எரியக்கூடாது, சொல்லிப்போட்டன். அப்பா எண்டு எழுதினது இருக்கட்டும். சித்தப்பா நிக்கிறாரோ? போனைக் குடு. குடடி, நான் நேர கதைக்கவேணும்.

குகன். அண்ணி கதைக்கிறன். ஓம், நான்தான். உங்களுக்குப் பிடரிக்குப் பூச மருந்து ஒண்டும் அங்க கிடைக்கேல்லையோ? தோலை உரிய விட்டுக்கொண்டு நிண்டால் நாளைக்கு ஆர் பார்க்கிறது? ஒண்டும் கதைக்கவேண்டாம். வாறன். வந்து ஏசுறன். திதிக்கதை மட்டும் இனி எடுக்கக்கூடாது, அதில மாற்றமில்லை. என்ன? கேக்கேல்லை. அழுகிறியளோ? சரி, வைக்கிறன்.

வந்திட்டுது. என்ர பை எங்க? செருப்பு ஒண்டைக் காணேல்லை, ஓ, இந்தா. படி உயரம் தங்கச்சி, பையோட படத்தையும் பிடிச்சுக்கொண்டு இறங்கேலாது. நான் முதல் இறங்கிறன். நீங்கள் இதைக் கொஞ்சம் வைச்சிரு...

இல்லை. வேண்டாம். தாங்கோ. தம்பி, பொறு, பஸ்ஸை எடுக்காத. பை கிடக்கட்டும், வேணுமெண்டா எறிஞ்சு விடுங்கோ. படத்தை நானே பிடிச்சுக்கொண்டு இறங்கிறன்.